கிளாஸுக்குள்ள திணிச்ச டிஷ்யூ

படிக்கிற காலத்துல ரெண்டு வருஷம் நான் ஒரு ரெஸ்டாரன்ட்ல சர்வரா வேலை பாத்தேன். சாயங்காலம் 6 மணிக்கு உள்ள போனா ராத்திரி கடைசி டேபிள் எந்திரிச்சு, தரையெல்லாம் தொடைச்சு முடிச்சப்புறம்தான் வெளிய வருவேன். அந்த வேலைய விட்டு எத்தனையோ வருஷம் ஆயிருச்சு, ஆனா என் விரலுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிற ஒரு விஷயம் உண்டு. சாப்பிட்டு முடிச்சவங்க வாயத் தொடைச்ச டிஷ்யூவ சுருட்டி, பாதி தண்ணி இருக்கிற கிளாஸுக்குள்ள திணிச்சுட்டுப் போயிருவாங்க. அது ஊறி அடியில போய் ஒட்டிக்கும், கவுத்தா விழாது, அப்படியே மெஷின்ல போட்டா அடைச்சுக்கும், அதனால உள்ள விரல விட்டுத் தோண்டித்தான் எடுக்கணும். ஒரு ராத்திரிக்கு இருபது கிளாஸ் முப்பது கிளாஸ். முன்ன பின்ன தெரியாத ஒருத்தரோட எச்சில்.

இதைச் செஞ்சவங்க யாரும் கெட்டவங்க இல்ல, அதையும் சொல்லணும். முக்கால்வாசி பேரு டேபிள சுத்தமா வச்சுட்டுப் போறோம்னு நினைச்சுத்தான் அப்படித் திணிக்கிறாங்க. அவங்க கண்ணுக்கு டேபிள்தான் தெரியுது, அதுக்கப்புறம் அந்த கிளாஸத் தொடப்போற கை தெரியல. ரெஸ்டாரன்ட்ல எப்படி நடந்துக்கணும்னு யாராவது கேட்டா எனக்கு இந்த ஒரு விஷயம்தான் மனசுல வரும். நாம தொட்டதுக்கு அப்புறம் அதை இன்னொரு கை தொடும். நாம விட்டுட்டுப் போற எச்சில், நாம எழுப்புற சத்தம், நாம புக் பண்ணிட்டு வராம விட்ட சீட்டு, எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு ஆள் நிக்கிறாங்க. எந்த ஃபோர்க்க எந்தக் கையில பிடிக்கணுங்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஆனா ஃபோர்க் பத்தியும் பேசிடுவோம், ஏன்னா நிறைய பேருக்கு பெரிய இடத்துக்கு சாப்பிடப் போறதுன்னாலே வயித்துல ஒரு பயம் இருக்கு, அது தேவையே இல்லாத பயம். தட்டுக்கு ரெண்டு பக்கமும் நாலஞ்சு ஸ்பூனும் ஃபோர்க்கும் கத்தியும் வரிசையா அடுக்கி வச்சிருப்பாங்க. பாத்தவுடனே பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி ஆயிடும். விஷயம் ரொம்ப சிம்பிள், வெளிப்பக்கம் இருக்கிறத முதல்ல எடுத்துட்டு ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒவ்வொண்ணா உள்பக்கமா வரணும், அவ்வளவுதான். இதுக்கு ஒரு கதையும் இருக்கு. ஐரோப்பாவுல முன்னாடியெல்லாம் விருந்துன்னா எல்லா பதார்த்தத்தையும் ஒரே நேரத்துல மேசை நிறைய பரப்பி வச்சிருவாங்க, எட்டுற தூரத்துல இருக்கிறத எடுத்துச் சாப்பிட்டுக்கணும். ஒவ்வொண்ணா வரிசையா கொண்டு வந்து குடுக்கிற முறை 19-ம் நூற்றாண்டுலதான் பரவுச்சு, 1810 வாக்குல பாரிஸ்ல இருந்த ரஷ்யத் தூதர் அலெக்ஸாண்டர் குராகின்தான் அதை அங்க கொண்டு வந்தவர்னு சொல்லுவாங்க, அந்த முறைக்குப் பேரே ரஷ்ய முறைதான். எது எந்த வரிசையில வரும்னு முன்னாடியே தெரியறதால அதே வரிசையில ஸ்பூன அடுக்கி வச்சாங்க. சாப்பிடறவங்கள சோதிக்கிறதுக்கு வந்த ஏற்பாடு இல்ல.

ஃபோர்க்குக்கே அப்படி ஒண்ணும் பெரிய பரம்பரை கிடையாது. தாமஸ் கோரியட்னு ஒரு ஆங்கிலேயர் 1608-ல இத்தாலி பக்கம் சுத்தப் போனாரு, அங்க ஜனங்க முள்ளுக்கரண்டியால இறைச்சியப் பிடிச்சு சாப்பிடறதப் பாத்துட்டு 1611-ல அதைப் பத்தி எழுதினாரு, தானும் ஊருக்கு வந்து அப்படியே சாப்பிட ஆரம்பிச்சாரு, அவரோட சினேகிதங்களே அவரக் கேலி பண்ணினாங்க. இன்னைக்கு ஃபோர்க் பிடிக்கத் தெரியலன்னு ஒருத்தரப் பாத்து சிரிக்கிறாங்க, அன்னைக்கு ஃபோர்க் பிடிச்சதுக்கே சிரிச்சிருக்காங்க. கையால சாப்பிடறவங்க கைய நல்லா கழுவிட்டு, விரல் நுனியால அழகா எடுத்து சாப்பிட்டா அதுல எந்தக் குறையும் இல்ல. சிரிக்கிற அந்த ஆள்கிட்டதான் குறை இருக்கு, இது என்னோட உறுதியான அபிப்பிராயம்.

எங்க அப்பா கதைய இங்க சொல்லணும். அவரு ஆபீஸ்ல ஒரு பெரிய விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாங்க, குடும்பத்தோட. வட்ட மேசை, பத்து பேரு. ஒவ்வொருத்தருக்கும் இடது பக்கம் ரொட்டிக்கு ஒரு சின்னத் தட்டு, வலது பக்கம் தண்ணி கிளாஸ். அப்பாவுக்கு அது தெரியாது, வலது பக்கம் இருந்த சின்னத் தட்ட இழுத்து ரொட்டிய வச்சுக்கிட்டாரு. அது அவருக்கு வலப்பக்கம் உக்காந்திருந்த ஒரு பெண்மணியோட தட்டு. வட்ட மேசையில ஒருத்தர் தட்டு மாறினா அடுத்தவங்களுக்குத் தட்டு இல்லாமப் போயிரும். அந்தம்மாவுக்கு வயசு அறுபதுக்கு மேல இருக்கும், இந்த மாதிரி விருந்தெல்லாம் நூறு பாத்தவங்கன்னு பாத்தாலே தெரியும். அவங்க ஒரு நொடி கூட யோசிக்கல, தன் வலப்பக்கத்து ஆளோட தட்ட தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க, அந்த ஆளும் புரிஞ்சுக்கிட்டு தனக்கு அந்தப் பக்கம் இருந்ததை எடுத்துக்கிட்டாரு. அப்படியே பத்து பேரும் சுத்தி வந்துட்டாங்க. அப்பாவுக்கு கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது. எனக்கு எதிர் சீட்டு, அதனால முழுசா பாத்தேன். அப்போ எனக்கு வயசு 15, இந்த விஷயத்துல அன்னைக்குக் கத்துக்கிட்ட அளவுக்கு வேற எங்கயும் கத்துக்கல.

ஸ்பூன் ஃபோர்க் விஷயத்துல நிஜமாவே தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, அது சர்வர்கூட பேசாமலே பேசுற பாஷை. சாப்பாட்டுக்கு நடுவுல பேசறதுக்கோ தண்ணி குடிக்கவோ நிறுத்தினா ஃபோர்க்கையும் கத்தியையும் தட்டு மேல தள்ளித் தள்ளி, கூரை மாதிரி சாய்ச்சு வைங்க. சாப்பிட்டு முடிச்சாச்சுன்னா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல சேத்து வைங்க. நான் ஹால் அந்தக் கோடியில நின்னுகிட்டே பன்னெண்டு டேபிளையும் ஒரு சுத்து பாப்பேன், தட்ட எடுக்கலாமா கூடாதான்னு இத வச்சுத்தான் முடிவு பண்ணுவேன். சாப்பிடறவங்களுக்கு இது தெரியாததால எத்தனை தடவை ஒருத்தர் ஆசையா கடைசிக்குன்னு ஒதுக்கி வச்சிருந்த துண்டோட தட்ட எடுத்துட்டுப் போயிருக்கேன், அவங்க முகம் வாடறதப் பாத்திருக்கேன். நாப்கினும் அதே மாதிரிதான், உக்காந்ததும் மடியில விரிச்சுக்கோங்க, நடுவுல எந்திரிச்சுப் போனா நாற்காலி மேல வைங்க, கிளம்பும்போது தட்டுக்குப் பக்கத்துல லேசா மடிச்சு வைங்க. நாற்காலியில இருந்தா திரும்பி வருவாங்கன்னு அர்த்தம், தட்ட யாரும் தொடமாட்டாங்க.

சர்வரக் கூப்பிடறதப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா வெளிய இருந்து பாத்தா அந்த வேலை எப்படி நடக்குதுன்னு தெரியாது. ஒரு சர்வர் தலைக்குள்ள எப்பவும் ஒரு வரிசை ஓடிக்கிட்டே இருக்கும், மூணாம் டேபிளுக்கு சூப் ரெடி, ஏழுக்கு பில், ஒம்பதுல குழந்தை ஸ்பூன கீழ போட்டுருச்சு வேற ஸ்பூன் வேணும், ரெண்டுல இப்பத்தான் உக்காந்தாங்க தண்ணி வைக்கணும், இதுல கிச்சன் ஜன்னல்ல தட்டு ஆறிக்கிட்டு இருக்கும், ஆறினா சமையல்காரரு திட்டுவாரு. அந்த நேரத்துல விரலச் சொடுக்குறது, கிளாஸ ஸ்பூனால தட்டுறது, ஏய்னு கூப்பிடறது, இதெல்லாம் வந்துச்சுன்னா அந்த வரிசை மொத்தமா கலைஞ்சு போயிரும். மனசும் கலைஞ்சுரும், அது வேற. கண்ணப் பாத்து லேசா கைய உயர்த்தினா போதும். கையில நாலு தட்டோட போறவங்கள நிறுத்தாதீங்க, அவங்க திரும்பி வெறுங்கையோட வருவாங்க, அப்போ கூப்பிடுங்க. கூப்பிட்டா டேபிள்ல இருக்கிற எல்லாருக்கும் என்ன வேணும்னு மொத்தமா கேட்டுச் சொல்லுங்க. ஒருத்தருக்குத் தண்ணி கொண்டு வந்தா அடுத்தவர் எனக்கும்பாரு, அதக் கொண்டு வந்தா மூணாமவர் டிஷ்யூம்பாரு, ஆறு பேரு டேபிளுக்கு ஆறு நடை. ராத்திரி வீட்டுக்குப் போனா பாதம் எரியும், அந்த ஆறு நடையும் அந்த எரிச்சல்ல இருக்கும்.

அப்புறம் நீங்க வாங்கன்னு மரியாதையா பேசறது. என்னை விட பத்து வயசு சின்னப் பையன் என்னை வா போன்னு கூப்பிட்டிருக்கான், அவனோட அப்பா அம்மா பக்கத்துல உக்காந்து மெனு பாத்துக்கிட்டு இருந்தாங்க, ஒண்ணும் சொல்லல. தட்டு வைக்கும்போது ஒரு தேங்க்ஸ், இல்லன்னா பேச்ச ஒரு நொடி நிறுத்திட்டு ஒரு தலையசைப்பு. எங்க கூட வேலை பாத்த அண்ணன் ஒருத்தரு பதினஞ்சு வருஷ சர்வீஸ், அவரு சொல்லுவாரு, "டிப்ஸ மறந்துருவேன்மா, மூஞ்சியப் பாத்துப் பேசினவங்கள மறக்கமாட்டேன்".

சாப்பாடு சரியில்லன்னா என்ன பண்றது? தாராளமா சொல்லுங்க, சொல்லணும். சகிச்சுக்கிட்டு சாப்பிட்டுட்டு வெளிய போய் எல்லார்கிட்டயும் குறை சொல்றது யாருக்கும் பிரயோஜனம் இல்ல, ஆனா எப்போ சொல்றீங்க எப்படி சொல்றீங்கங்கிறதுல எல்லாம் இருக்கு. முதல் ரெண்டு வாய்லயே சொன்னா கிச்சன்ல திருத்த முடியும், உப்பு அதிகமா, சரியா வேகலையா, ஆறிப்போச்சா, வேற பண்ணித் தருவாங்க. தட்ட முக்கால்வாசி காலி பண்ணிட்டு நல்லாவே இல்லன்னு சொன்னா எங்களுக்கு என்ன பண்றதுன்னே தெரியாது. சொல்றப்போ கொண்டு வந்தவங்க சமைக்கலைங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரு நாள் ஒருத்தரு எங்கிட்ட ஹாலே திரும்பிப் பாக்கிற மாதிரி கத்தினாரு, அவரு ஆர்டர் பண்ணது அம்பது நிமிஷம் ஆகியும் வரல, கோபம் நியாயமான கோபம்தான். ஆனா அன்னைக்கு கிச்சன்ல ஒரு ஆளு கைய சுட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாரு, மூணு பேரு வேலைய ரெண்டு பேரு பாத்துக்கிட்டு இருந்தாங்க. அதை முன்னாடியே அவருகிட்ட போய் சொல்லாம விட்டது எங்க தப்பு, அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அன்னைக்கே பக்கத்து டேபிள்ல அதே அளவு நேரம் காத்திருந்த ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டு மெதுவா, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு உள்ள கேட்டு உண்மையச் சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி குழந்தைக்கு மட்டும் முதல்ல ஏதாவது வாங்கிக்கிறேன்"ன்னாங்க. நான் உள்ள ஓடிப்போய் அந்தக் குழந்தைக்குத்தான் முதல்ல வாங்கிட்டு வந்தேன்.

குழந்தைங்கன்னதும் ஒண்ணு. குழந்தைங்க சத்தம் போடறது, கீழ கொட்டறது, அழறது எல்லாம் இயற்கை, அதுக்கு எந்த சர்வரும் மனசுக்குள்ள திட்டமாட்டாங்க. ஓடறது மட்டும் வேற விஷயம். பெரிய ட்ரேய நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிட்டு வரும்போது அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது, கொதிக்கக் கொதிக்க சூப் இருக்கும், குழந்தையோட தலை சரியா அந்த மறைவுலதான் இருக்கும். ஒரு தடவை நூலிழையில தப்பிச்சோம், அன்னைக்கு எனக்குக் கை நடுக்கம் நிக்க ரொம்ப நேரம் ஆச்சு. குழந்தைய வெளிய கூட்டிட்டுப் போய் ஒரு சுத்து நடந்துட்டு வாங்க, ஹாலுக்குள்ள மட்டும் ஓட விடாதீங்க.

சத்தம் பத்தி ஒரு ஆச்சரியமான விஷயம். எத்தியன் லொம்பார்னு ஒரு பிரெஞ்சு டாக்டர், காது மூக்கு தொண்டை பாக்கிறவரு, 1911-ல ஒண்ணு எழுதினாரு. சுத்தி இரைச்சல் இருந்தா மனுஷன் தனக்கே தெரியாம குரல உயர்த்துவான்னு. இன்னைக்கும் அதை லொம்பார் விளைவுன்னுதான் சொல்றாங்க. ரெஸ்டாரன்ட்ல இதைக் கண்ணால பாக்கலாம், காதால கேக்கலாம். 8 மணிக்கு ஹால்ல பாதி கூட்டம், எல்லாரும் சாதாரணமா பேசிட்டு இருப்பாங்க, அப்போ ஒரு டேபிள்ல எட்டு பேரு வந்து சிரிச்சு கத்திப் பேச ஆரம்பிப்பாங்க, பக்கத்து டேபிள் அதுக்கு மேல பேசும், அதுக்குப் பக்கத்து டேபிள் அதுக்கும் மேல, அரை மணி நேரத்துல ஆர்டர் எடுக்க நான் காதுகிட்ட குனிய வேண்டியிருக்கும். யாருமே வேணும்னு கத்தல. ஸ்பீக்கர்ல போட்டு போன் பேசறது, ஹெட்போன் இல்லாம வீடியோ பாக்கிறது இதெல்லாம் அந்த வரிசையில முதல் குரலா இருந்தா மொத்த ஹாலும் உயரும். நம்ம டேபிள் ஒண்ணு குரல எறக்கினா அதே மாதிரி எறங்கவும் செய்யும், நான் பாத்திருக்கேன்.

போன் விஷயத்துல நான் அதிகமா பேசப் போறதில்ல, எல்லாரும் பேசியாச்சு. 2018-ல வந்த ஒரு ஆராய்ச்சிய மட்டும் சொல்றேன், முன்னூறு பேருக்கு மேல ஒரு கஃபேல அவங்க சினேகிதங்க இல்ல குடும்பத்தோட உக்கார வச்சு, சில குழுக்கள போன மேசை மேல வைக்கச் சொன்னாங்க, மத்த குழுக்கள போன எடுத்து ஒதுக்கி வைக்கச் சொன்னாங்க. மேசை மேல போன் இருந்தவங்களுக்கு கவனம் சிதறுச்சு, அந்த நேரம் கொஞ்சம் கம்மியாத்தான் பிடிச்சிருந்துச்சு. பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா இருந்துச்சு. அவசர கால் வரவேண்டியிருந்தா உக்காரும்போதே சொல்லிடுங்க, வந்தா எந்திரிச்சு வெளிய போய் பேசுங்க, போதும்.

பொதுவா வாங்கி நடுவுல வச்சு சாப்பிடும்போது அதுல போட்டிருக்கிற கரண்டியாலதான் எடுக்கணும், நம்ம வாயில வச்ச ஸ்பூன அதுல விடக்கூடாது, கடிச்ச துண்ட மறுபடி சட்னிக் கிண்ணத்துல முக்கக்கூடாது. இது புதுசு கிடையாது. 1530-ல இராஸ்மஸ்னு ஒரு ஐரோப்பிய அறிஞர் சின்னப் பசங்களுக்குன்னு நடத்தை பத்தி எழுதின புத்தகத்துலயே எண்ணெய்க் கைய நக்காதே, சட்டையில தொடைக்காதே, தட்டு வந்த உடனே முதல் ஆளா கைய விடாதேன்னு எழுதி வச்சிருக்காரு. ஐந்நூறு வருஷம் ஆகப்போகுது, இன்னும் அதையேதான் பேசிட்டு இருக்கோம். கடைசித் துண்டு இருந்தா யாருக்காவது வேணுமான்னு கேட்டுட்டு எடுங்க. மெதுவா சாப்பிடறவங்க ஒருத்தர் எல்லா டேபிள்லயும் இருப்பாங்க, எல்லாரும் முடிச்சுட்டு அவங்க தட்டையே பாத்துக்கிட்டு இருந்தா அவங்களுக்குத் தொண்டையில இறங்காது. நான் வேகமா சாப்பிடற ஆளு, அதனால இப்பல்லாம் கடைசி ரெண்டு வாயை வச்சுக்கிட்டு காத்திருப்பேன்.

தொண்டையில இறங்காததுன்னு சொன்னேன் இல்ல, இப்போ சொல்லப்போறது விளையாட்டு விஷயம் இல்ல. நான் வேலைக்குச் சேந்து மூணாவது மாசம். நாலு பேரு டேபிள், நல்லா பேசிட்டு சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்கள்ல ஒருத்தரு திடீர்னு எந்திரிச்சு, வாயப் பொத்திக்கிட்டு, பாத்ரூம் பக்கம் வேகமா நடந்தாரு. கூட இருந்தவங்க பேச்ச நிறுத்தவே இல்ல. நானும் வாந்தி வருது போலன்னு நினைச்சேன். ஆனா மேல சொன்ன அந்த பதினஞ்சு வருஷ அண்ணன் கையில இருந்த ட்ரேய கிடைச்ச இடத்துல வச்சுட்டு அவரு பின்னாடியே ஓடினாரு. பாத்ரூம் வாசல்ல அவரப் பிடிச்சு மூச்சு விட முடியுதான்னு கேட்டாரு, அவரால பதில் சொல்ல முடியல, முகம் நீலம் பாரிக்க ஆரம்பிச்சிருச்சு. முன்னாடி குனிய வச்சு தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கையால பலமா அடிச்சாரு, அசையல, பின்னாடி இருந்து கட்டிப்பிடிச்சு தொப்புளுக்கு மேல முஷ்டிய வச்சு உள்பக்கமா மேல பாத்து குத்தி இழுத்தாரு, மூணாவது இழுப்புல ஒரு இறைச்சித் துண்டு வெளிய வந்து விழுந்துச்சு. மொத்தமும் ஒரு நிமிஷம் கூட இருக்காது.

அப்புறம் அண்ணன் எனக்கு சொன்னாரு, சாப்பாடு அடைச்சவங்க எந்திரிச்சு தனியா பாத்ரூமுக்குத்தான் போவாங்கம்மா, நாலு பேரு முன்னாடி இருமித் துப்பறது அசிங்கம்னு. அங்க போய் யாரும் பாக்காம விழுந்துருவாங்க. பிற்பாடு படிச்சுப் பாத்தா இது டாக்டருங்க எழுதி வச்சிருக்கிற விஷயமே. ரெஸ்டாரன்ட்ல திடீர்னு சரிஞ்சு செத்தவங்கள ஹார்ட் அட்டாக்னு நினைச்சிருக்காங்க, அறுத்துப் பாத்தா தொண்டையில சாப்பாடு. 1963-ல ஹாகன்னு ஒரு டாக்டர் இதுக்கு கஃபே கரோனரின்னு, அதாவது கஃபே ஹார்ட் அட்டாக்னு, பேரே வச்சாரு. அந்தக் கட்டிப்பிடிச்சு இழுக்கிற முறைய ஹென்றி ஹைம்லிக்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1974-ல வெளியிட்டாரு. நாகரிகம்னு நினைச்சு ஒருத்தர் சாவுறதுன்னா அந்த நாகரிகம் நமக்கு வேணவே வேணாம். இருமல் வந்தா சத்தமா இருமுங்க, பக்கத்துல இருக்கிறவங்க இருமினா இரும விடுங்க, சத்தம் வருதுன்னா காத்து போகுதுன்னு அர்த்தம். சத்தமே இல்லாம கழுத்தப் பிடிச்சுக்கிட்டா உடனே முதுகுல அஞ்சு அடி, அப்புறம் வயித்துல அஞ்சு இழுப்பு, மாத்தி மாத்தி, இன்னொருத்தர் ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடணும். ஒரு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கும் கர்ப்பிணிங்களுக்கும் வயித்துல இழுக்கக்கூடாது, அதுக்கு வேற முறை, ஒரு முதலுதவி வகுப்புல ஒரு நாள் உக்காந்து கத்துக்கோங்க. கூட வந்தவங்க ஒருத்தர் பேசாம எந்திரிச்சு பாத்ரூம் பக்கம் போனா பின்னாடியே ஒரு ஆளு போங்க. மரியாதையில எல்லாத்துக்கும் முதல்ல இதைத்தான் வைப்பேன்.

அலர்ஜியும் இதே வகைதான். இருந்தா ஆர்டர் குடுக்கிறதுக்கு முன்னாடியே தெளிவா சொல்லுங்க, கூச்சமே வேணாம். ஐரோப்பிய யூனியன்ல 2014 டிசம்பர்ல இருந்து ரெஸ்டாரன்ட் சாப்பாட்டுக்கும் 14 வகை அலர்ஜிப் பொருள் இருக்கா இல்லையான்னு சொல்லியே ஆகணும்னு சட்டம் இருக்கு, அவ்வளவு முக்கியமான விஷயம். ஆனா பிடிக்காததையெல்லாம் அலர்ஜின்னு சொல்லாதீங்க. அலர்ஜின்னு ஒரு வார்த்தை உள்ள போனா கத்தி மாத்தணும், பலகை மாத்தணும், கடாய் மாத்தணும், எண்ணெய் மாத்தணும், மத்த ஆர்டர் எல்லாம் நிக்கும். அப்படி எல்லாம் பண்ணிக் குடுத்தப்புறம் அதே ஆளு பக்கத்துத் தட்டுல இருந்து அதையே எடுத்து ருசி பாக்கிறத நான் ரெண்டு தடவை பாத்திருக்கேன். கிச்சன்ல அதைக் கேட்டா அடுத்த தடவை நிஜமா அலர்ஜி இருக்கிற ஒருத்தர் சொல்லும்போது நம்பறது குறையும். பிடிக்காதுன்னா பிடிக்காது, போடாதீங்கன்னு சொன்னா போதும், போடமாட்டாங்க.

பில். இதுல நான் பாத்த மனவருத்தங்கள் எவ்வளவோ. ஒருத்தர் வெறும் சூப் மட்டும் குடிச்சிருப்பாங்க, கையில காசு இல்லாததாலதான் சூப் மட்டும் சொல்லியிருப்பாங்க, பில் வந்ததும் ஒருத்தர் உற்சாகமா எல்லாரும் சமமா போட்டுருவோம்பாரு. அந்த சூப் குடிச்சவங்க முகத்த எல்லாரும் கவனிக்கமாட்டாங்க, பில் வச்சுட்டு நிக்கிற எனக்குத் தெரியும். 2004-ல வெளியான ஒரு ஆராய்ச்சியில ஆறாறு பேரா ரெஸ்டாரன்ட்டுக்கு அனுப்பி, சில குழுக்கள அவங்கவங்க சாப்பிட்டதுக்கு அவங்கவங்க குடுக்கச் சொன்னாங்க, சில குழுக்கள சமமா பிரிச்சுக்கச் சொன்னாங்க. சமமா பிரிச்சவங்க அதிகமா ஆர்டர் பண்ணாங்க. எது பிடிக்கும்னு கேட்டப்போ பெரும்பாலானவங்க தனித்தனியா குடுக்கிறதையே விரும்பினாங்க, ஆனா நான் பாத்த வரைக்கும் வாய்விட்டுச் சொல்றதுக்கு யாருக்குமே கூச்சம். அதனால டேபிள்ல வசதியா இருக்கிற ஆளுதான் முதல்ல சொல்லணும், அவங்கவங்க சாப்பிட்டத அவங்கவங்க போட்டுக்கலாம்னு, அதுவும் ஆர்டர் குடுக்கிறதுக்கு முன்னாடியே. தனித்தனி பில் வேணும்னா அதையும் சர்வர்கிட்ட அப்பவே சொல்லிடுங்க, கடைசியில பிரிக்கிறது பெரிய தலைவலி. விருந்துக்குக் கூப்பிட்டவங்க நீங்கன்னா நடுவுல ஒரு நிமிஷம் எந்திரிச்சுப் போய் கேஷ்ல குடுத்துட்டு வந்துடுங்க. நான் குடுக்கிறேன் நான் குடுக்கிறேன்னு என் கையில இருந்து பில்லப் பிடுங்கி சண்டை போடும்போது யார் கார்ட வாங்கினாலும் இன்னொருத்தர் என்னை முறைப்பாங்க. டிப்ஸ் இடத்துக்கு இடம் வேறுபடும், பில்லுல சர்வீஸ் சார்ஜ் சேத்திருக்கான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

புக் பண்ணிட்டு வரமுடியலன்னா ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்க. ரிசர்வ்டுன்னு போர்டு வச்ச டேபிள் காலியா கிடக்கும், வாசல்ல குடும்பமா நின்னுக்கிட்டு இருப்பாங்க, நாங்க அவங்கள உள்ள விடமுடியாம நிப்போம். அதே மாதிரி சாப்பிட்டு பில்லும் குடுத்தப்புறம் வாசல்ல வரிசை நிக்குதுன்னா பேச்ச வெளிய நடந்துக்கிட்டே பேசலாம்.

மூடற நேரத்துல வர்றதப் பத்தி கேப்பீங்க. பத்தரைக்கு மூடறோம்னு எழுதியிருந்தா பத்து இருபதுக்கு வர உரிமை இருக்கு, தப்பில்ல, ஆனா அந்த நேரத்துக்குள்ள கிச்சன்ல அடுப்பு கழுவி, எண்ணெய் வடிச்சு, பலகையெல்லாம் தேச்சு வச்சிருப்பாங்க. எங்க இடத்துல ஒரு மழை நாள் ராத்திரி, கடைசி நேரத்துல ஒரு பெரியவர் தனியா வந்தாரு, குடைய வெளியவே உதறி மடிச்சு வச்சுட்டு, உக்காராம நின்னுகிட்டே எங்கிட்ட, "கிச்சன் கழுவியாச்சாம்மா? கழுவியாச்சுன்னா பரவாயில்ல நான் வேற பாத்துக்கிறேன், இல்லன்னா எது சீக்கிரம் ஆகுமோ அத மட்டும் குடுங்க போதும்"ன்னாரு. நான் உள்ள போய் தயங்கித் தயங்கி சொன்னேன். எங்க சமையல்காரரு கையெல்லாம் சோப்பு நுரையா நின்னுக்கிட்டு இருந்தாரு, அப்பத்தான் அடுப்பத் தேச்சு முடிச்சிருந்தாரு. அவரு சொன்னத அப்படியே சொல்லுன்னாரு, சொன்னேன். கைய அலம்பினாரு, ஈரத்த ஏப்ரன்ல தொடைச்சாரு, கழுவின கடாய மறுபடி எடுத்து வச்சு அடுப்பப் பத்த வச்சாரு. அதுக்கப்புறம்தான் என்னைத் திரும்பிப் பாத்தாரு. "அவருக்கு காரம் ஒத்துக்குமான்னு கேட்டுட்டு வா."